டிராவல் டிரெய்லரில் புரோப்பேன் இன்னும் எவ்வளவு மிச்சம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலராடோவில் வசிக்கும் எங்கள் குடும்பம், 24 அடி நீள டிராவல் டிரெய்லர் ஒன்றை, அதாவது சக்கரம் வைத்த சிறு வீட்டை, வண்டியில் பூட்டிக்கொண்டு ஒவ்வொரு கோடையிலும் தேசியப் பூங்காக்களைச் சுற்றி வருகிறது. புதிதாக டிரெய்லர் வாங்கிய அல்லது வாடகைக்கு எடுத்த தமிழ் நண்பர்கள் அழைத்துக் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை, முன்பக்கம் நிற்கும் சிலிண்டர்களில் எவ்வளவு வாயு மிச்சமிருக்கிறது என்பதைப் பற்றியே இருக்கின்றன. ஒரே விளக்கத்தைப் பலமுறை சொல்லிவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

டிரெய்லர் முன்னாடி நிக்கிற ரெண்டு சிலிண்டர்ல என்ன இருக்கு? நம்ம ஊர் சமையல் கேஸ்தானே?

நெருங்கிய உறவுதான், ஆனால் அதே பொருள் அன்று. இந்தியாவில் வீட்டுக்கு வரும் சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். அமெரிக்காவில் டிரெய்லர்களுக்கு விற்கப்படுவதில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் புரோப்பேன் இருக்க வேண்டும். பியூட்டேன் சுழியம் டிகிரி செல்சியஸை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பனிப் பிரதேசத்துக்கு ஏற்றது புரோப்பேன்தான்.

சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கிறது. திரவத்தின் மேற்பரப்பில் சேரும் ஆவியைத்தான் நாம் எரிக்கிறோம். பெரும்பாலான டிரெய்லர்களில் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ, கொள்ளும் சிலிண்டர்கள் இரண்டு இருக்கும். பெரியவற்றில் 30 பவுண்டு சிலிண்டர்கள் இருக்கும். ஊரில் வரும் 14.2 கிலோ சிலிண்டரை நினைத்துக்கொண்டால் 30 பவுண்டு என்பது அதைவிடச் சற்றே குறைவு.

20 பவுண்டுன்னு சொல்றாங்க, ஆனா 80 சதவீதம்தான் நிரப்புவாங்களாம். அப்போ உள்ள 16 பவுண்டுதான் இருக்குமா?

இல்லை. 80 சதவீதம் நிரம்பிய நிலையில் உள்ளே இருக்கும் எடைதான் 20 பவுண்டு. வெப்பநிலை 10 டிகிரி பாரன்ஹீட் உயர்ந்தால் திரவப் புரோப்பேன் சுமார் ஒன்றரை சதவீதம் விரியும் என்பதால், அது விரிவதற்கென்று மேலே இடம் விட்டாக வேண்டும். 20 பவுண்டு என்பது ஏறத்தாழ 4.7 கேலன்; லிட்டரில் 17.8.

இந்த எல்லையைக் காப்பதற்காக வால்வோடு சேர்ந்து உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. 2002 ஏப்ரல் 1 முதல், இந்தத் தடுப்பு இல்லாத சிறிய சிலிண்டர்களை அமெரிக்காவில் நிரப்ப அனுமதி இல்லை. வால்வின் திருகுபிடி முக்கோண வடிவில் இருந்தால் அந்தத் தடுப்பு உள்ளது என்று பொருள். ஆனால் கடை வாசலில் கம்பிக்கூண்டுக்குள் வைத்து, காலி சிலிண்டரை வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறார்களே, அவற்றில் பொதுவாக 15 பவுண்டு மட்டுமே நிரப்பியிருப்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும். அப்படி வாங்கியவர்கள் கீழே வரும் கணக்குகளையெல்லாம் 15-இலிருந்து தொடங்க வேண்டும்.

உள்ள சுவத்துல இருக்கிற பேனல்ல தண்ணி, கழிவுநீர், பேட்டரி எல்லாம் காட்டுது. கேஸை மட்டும் ஏன் காட்ட மாட்டேங்குது?

தண்ணீர்த் தொட்டிகளும் பேட்டரியும் டிரெய்லரோடு நிலையாகப் பொருத்தப்பட்டவை. அவற்றுக்குக் கம்பி இழுத்துப் பேனலில் இணைத்துவிடலாம். சிலிண்டர்களோ நிரப்புவதற்காகக் கழற்றப்படுபவை. தானே ஓடும் வீடுகளான மோட்டார்ஹோம் வகை வண்டிகளில் அடியில் படுக்கைவாக்கில் நிரந்தரத் தொட்டியும் அதில் மிதவை மானியும் இருப்பதால் அவற்றின் பேனல் வாயு அளவையும் காட்டும். சில டிராவல் டிரெய்லர்களின் பேனலில் வாயுவுக்கென்று ஒரு பொத்தான் இருந்தாலும், பெரும்பாலும் அதன் பின்னால் எந்தக் கம்பியும் இணைக்கப்பட்டிருக்காது.

கடையில அழுத்தமானி ஒண்ணு வாங்கி மாட்டினேன். பயணம் முழுக்கப் பச்சையிலயே நின்னுச்சு, கடைசி நாள் திடீர்னு சிவப்புக்குப் போயிடுச்சு. மானி பழுதா?

மானி பழுதில்லை. அது அளப்பது அழுத்தத்தை. உங்களுக்கு வேண்டியது அளவு. இந்த இரண்டும் வேறு என்பது மனதில் பதிந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் உள்ள குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

மூடிய கலத்தில் திரவமும் அதன் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 70 டிகிரி பாரன்ஹீட்டில் புரோப்பேனின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 110 பவுண்டு; சிலிண்டர் நிரம்பியிருந்தாலும் ஒரு பவுண்டு திரவம்தான் மிச்சம் என்றாலும் அதே 110. வெயிலில் 100 டிகிரிக்கு ஏறினால் 170-ஐத் தாண்டும். உறைகுளிரில் சுழியம் டிகிரி பாரன்ஹீட்டுக்கு இறங்கினால் 25-ஐ ஒட்டி வந்துவிடும். காலையில் பாதியாகத் தெரிந்த மானி நண்பகலில் முழுசாகத் தெரிவது இதனால்தான். கடைசிச் சொட்டுத் திரவமும் ஆவியான பிறகே அழுத்தம் சரியத் தொடங்கும், ஆகவே முள் சிவப்புக்குப் போகும்போது உங்களுக்கு மிச்சம் சில நிமிடங்கள்தான்.

அந்த மானியைத் தூக்கி எறிய வேண்டாம். இணைப்பில் பெருங்கசிவு இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அளவு பார்ப்பதற்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

அப்போ நம்பி இருக்கக்கூடிய வழி எது?

எடை பார்ப்பது. இதற்கு மிஞ்சிய வழி இல்லை. வெப்பநிலை, அழுத்தம், சரிவு எதுவும் எடையை மாற்றாது. சிலிண்டரின் மேல்வளையத்தில் டி.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதுதான் வெறும் சிலிண்டரின் எடை. 20 பவுண்டு சிலிண்டருக்கு அது 17 பவுண்டை ஒட்டி இருக்கும். நிறுத்துப் பார்த்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சமுள்ள புரோப்பேன் கிடைத்துவிடும். உதாரணமாக, நிறுத்தது 29, பொறித்தது 17 என்றால் உள்ளே இருப்பது 12 பவுண்டு, அதாவது முழு அளவில் 60 சதவீதம்.

தராசுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஊருக்குப் போகும்போது 23 கிலோ தாண்டிவிட்டதா என்று பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கைத்தராசு நம் வீடுகளில் அநேகமாக இருக்கும். வழக்கமாக அது 50 கிலோ வரை தாங்கும். முழு சிலிண்டரோ 37 பவுண்டுதான், அதாவது 17 கிலோவுக்குள். வால்வை மூடி, குழாயைக் கழற்றி, மேல்வளையத்தின் கைப்பிடியில் தராசின் கொக்கியை மாட்டி, இரு கைகளாலும் நிமிர்த்தித் தூக்கினால் எண் தெரிந்துவிடும். எங்கள் தராசு இப்போது டிரெய்லரின் முன்பெட்டியிலேயே நிரந்தரமாக இருக்கிறது. பொறித்த எண்களை அதன் முதுகில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் துருவுக்கும் பெயிண்டுக்கும் அடியில் அந்த எண்ணைத் தேடுவதுதான் இந்த வேலையிலேயே சிரமமான பகுதி.

எங்க அம்மா ஊர்ல சிலிண்டரை ஈரத்துணியால துடைச்சு எவ்வளவு இருக்குன்னு சொல்லுவாங்க. அது இங்கயும் ஒத்து வருமா?

நன்றாகவே ஒத்து வரும். உங்கள் அம்மா செய்தது சரியான முறை. திரவம் இருக்கும் உயரம் வரை உலோகச் சுவர் எளிதில் சூடேறாது, ஏனென்றால் அந்தச் சூட்டைத் திரவம் உடனே வாங்கிக்கொள்ளும். ஆவி மட்டுமே உள்ள மேற்பகுதி சீக்கிரம் சூடேறும், ஆகவே சீக்கிரம் உலரும். ஈரம் எந்த உயரத்தில் தங்கி நிற்கிறதோ அதுதான் திரவத்தின் மட்டம்.

டிரெய்லரில் வெந்நீரைப் பயன்படுத்தினால் இன்னும் தெளிவாகத் தெரியும். கொதிக்காத, கை பொறுக்கும் சூட்டில் ஒரு செம்புத் தண்ணீரைச் சிலிண்டரின் ஒரு பக்கமாக மேலிருந்து மெல்ல ஊற்றி, அதே இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கீழ்நோக்கி நகர்த்துங்கள். வெதுவெதுப்பாக வந்துகொண்டிருந்த தகடு ஒரு விரல் அகலத்துக்குள் சட்டென்று ஜில்லென்று மாறும். 20 பவுண்டு சிலிண்டர் முழுமையாக இருக்கும்போது அந்தக் கோடு அடியிலிருந்து சுமார் 10 அங்குல உயரத்தில் இருக்கும். 5 அங்குலத்தில் இருந்தால் ஏறத்தாழப் பாதி. இதற்குச் சிலிண்டரைக் கழற்ற வேண்டியதே இல்லை, மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையைத் தூக்கினால் போதும்.

ஒட்டுற பட்டை ஒண்ணு விக்குது, நிறம் மாறி அளவு காட்டுமாமே?

அது மேலே சொன்ன வெந்நீர்ச் சோதனைதான். உங்கள் உள்ளங்கை செய்யும் வேலையைப் பட்டையின் நிறமாற்றம் செய்கிறது, தண்ணீரை எப்படியும் ஊற்றித்தான் ஆக வேண்டும். இருந்தால் பயன்படுத்தலாம், இதற்கென்று வாங்க வேண்டாம்.

அண்ணை, ரெகுலேட்டரில பச்சை தெரியுது. அப்ப ரெண்டு சிலிண்டரிலயும் காஸ் கிடக்குத்தானே?

டொராண்டோவிலிருந்து கேட்ட தம்பிக்குச் சொன்ன பதில் இது. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் இருப்பது தானாக மாறும் ரெகுலேட்டர். அதன் நெம்புகோல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தச் சிலிண்டரிலிருந்து முதலில் எடுக்கும். அந்தச் சிலிண்டரில் அழுத்தம் இருக்கும்வரை, ரெகுலேட்டரில் நிறம் காட்டும் சிறு சாளரம் பச்சையாக இருக்கும். அது தீர்ந்ததும் சிவப்பாகி, வால்வு திறந்திருந்தால் மற்றதிலிருந்து எடுக்கத் தொடங்கும். ஆகவே பச்சை என்பதற்கு, நெம்புகோல் காட்டும் சிலிண்டர் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பது மட்டுமே பொருள். அதில் 18 பவுண்டு இருக்கிறதா, அரைப் பவுண்டு இருக்கிறதா என்று அது சொல்லாது. மற்ற சிலிண்டரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

இதை நான் யெல்லோஸ்டோனில் கற்றுக்கொண்டேன். மேடிசன் முகாம் 6,800 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே டிரெய்லருக்கு மின்இணைப்பு கிடையாது. ஒரு செப்டம்பர் இரவு, மூன்று மணியளவில், டிரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறி ஓடும் சத்தம் கேட்டு விழித்தேன், வந்தது குளிர்காற்று. வெளியே போய் உறையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது சாளரம் சிவப்பாக இருந்தது. அது எப்போது சிவப்பானது என்று எனக்குத் தெரியாது. இரண்டு வால்வையும் திறந்தே வைத்திருந்ததால் முதல் சிலிண்டர் ஓசையில்லாமல் தீர்ந்து, இரண்டாவதும் தீர்ந்திருந்தது. பேட்டரியில் சுட வைத்த ஒரு கெட்டில் தண்ணீரை ஊற்றி இரண்டையும் தடவிப் பார்த்தேன். அடிவளையம் வரைக்கும் ஒரே வெதுவெதுப்பு, ஜில்லென்ற இடமே இல்லை. குழந்தைகளை எங்கள் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு விடியும்வரை படுத்திருந்துவிட்டு, 14 மைல் தள்ளி மேற்கு யெல்லோஸ்டோன் ஊருக்குப் போய் நிரப்பி வந்தோம்.

அப்போ ரெண்டு வால்வையும் திறந்து வைக்கலாமா, ஒண்ணை மூடியே வைக்கணுமா?

ஒன்றை மூடி வைப்பதே நல்லது என்பது என் முடிவு. முதல் சிலிண்டர் தீர்ந்ததும் அடுப்பு அணைந்துவிடும். நீங்கள் போய் இரண்டாவதைத் திறந்து, நெம்புகோலைத் திருப்பி, காலியானதை அன்றோ மறுநாளோ நிரப்பிவிடலாம். ஒரு சிலிண்டர் தீர்ந்தது என்ற செய்தி உங்களுக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்கிறது, கையில் ஒரு முழு சிலிண்டர் மிச்சமிருக்கும்போதே. எந்தச் சென்சாரும் இதைவிடத் திட்டமாகச் சொல்லாது.

உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளும், கைக்குழந்தையோ முதியவர்களோ உடனிருக்கும் பயணங்களும் இதற்கு விதிவிலக்கு. அப்போது நடுஇரவில் ஃபர்னஸ் நிற்கக் கூடாது என்பதால் இரண்டையும் திறந்து வைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு மாலையும் இருட்டுவதற்கு முன் உறையைத் தூக்கிச் சாளரத்தின் நிறத்தைப் பார்ப்பது என் மூத்த மகளின் பொறுப்பு. சிவப்பைக் கண்டால் மறுநாளைய முதல் வேலை நிரப்புவதுதான்.

ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்? தோராயமா சொன்னாப் போதும்.

நாள் கணக்கில் சொன்னால் தவறாகிவிடும். கருவிக் கணக்கில் சொல்கிறேன். ஒரு பவுண்டு புரோப்பேன் எரிந்தால் சுமார் 21,500 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பம் கிடைக்கும். 20 பவுண்டு சிலிண்டரில் ஆக மொத்தம் 4,30,000. ஒவ்வொரு கருவியும் மணிக்கு எத்தனை பி.டி.யூ. என்பது அதன் தகட்டில் எழுதியிருக்கும்.

ஃபர்னஸ்தான் பெருந்தீனிக்காரன். 30,000 பி.டி.யூ. ஃபர்னஸ் தொடர்ந்து எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 1.4 பவுண்டு போகும். 14 மணி நேரத்தில் ஒரு சிலிண்டர் காலி. நடைமுறையில் அது விட்டுவிட்டுத்தான் எரியும். பத்து மணி நேரக் குளிர் இரவில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எரிந்தால் சுமார் 4.7 பவுண்டு. வாயுவில் இயங்கும் குளிர்பதனப்பெட்டி மணிக்கு அதிகபட்சம் 1,500 பி.டி.யூ. எடுப்பதாக வைத்தால், நாள் முழுக்க ஓடினாலும் 1.7 பவுண்டைத் தாண்டாது. புதிய டிரெய்லர்கள் பலவற்றில் பேட்டரியில் ஓடும் குளிர்பதனப்பெட்டி இருப்பதால் அந்தச் செலவே இல்லை. ஆறு கேலன் வெந்நீர்த் தொட்டியை ஒருமுறை சுட வைக்கக் கால் பவுண்டுக்குள் போதும்.

ஆகவே கோடையில் ஒரு சிலிண்டர் பத்து நாளைக் கடந்தும் வரும். அதே சிலிண்டர் மலைக்குளிரில் மூன்று நாளில் தீரும். முதல் பயணத்தில் மட்டும் தினமும் காலையில் எடை பார்த்து, முந்தைய இரவின் வெப்பநிலையோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு வாரத்துக்குள் உங்கள் டிரெய்லரின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்துவிடும். சமையல் கேஸ் மாற்றிய தேதியை நாட்காட்டியில் எழுதி வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நாங்க மூணு வேளையும் சமைப்போம். தோசை, சாம்பார்னு அடுப்பு எரிஞ்சுட்டே இருக்கும். அதனாலதான் சீக்கிரம் தீருதா?

சமையலைக் குறை சொல்ல வேண்டாம். டிரெய்லர் அடுப்பின் ஒரு பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறத்தாழ 7,000 பி.டி.யூ. எடுக்கும்; அதாவது பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று மணி நேரம் தோசை வார்த்தாலும் ஒரு பவுண்டுதான். முந்தைய பதிலில் உள்ள ஃபர்னஸ் கணக்கோடு ஒப்பிட்டால், ஒரு குளிர் இரவின் செலவில் நான்கு நாள் தாராளமாகச் சமைக்கலாம். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தெர்மோஸ்டாட்டை இரவில் நான்கு டிகிரி இறக்கி, இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

அடியில காந்தத்துல ஒட்டுற சென்சார் இருக்காமே, போன்லயே அளவு காட்டுமாம். வாங்கலாமா?

வாங்கலாம், உறையைத் தூக்கச் சிரமப்படுபவர்களுக்கும் இரண்டு சிலிண்டரையும் ஒரே நேரத்தில் கவனிக்க நினைப்பவர்களுக்கும் அது உதவும். சிலிண்டரின் அடிப்பகுதியில் நடுவில் ஒட்டிக்கொண்டு அது மேல்நோக்கி மீயொலியை அனுப்புகிறது. திரவத்தின் மேற்பரப்பில் பட்டு எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட்டு, புளூடூத் வழியே போனுக்குச் சொல்கிறது. அழுத்தத்தைப் பார்க்காமல் திரவத்தையே பார்ப்பதால் முன்பு சொன்ன அழுத்தமானியின் குறை இதற்கு இல்லை.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. செயலியில் உங்கள் சிலிண்டரின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 30 பவுண்டு சிலிண்டரில் முழு மட்டம் சுமார் 15 அங்குலம் என்பதால், 20 என்று விட்டுவைத்தால் பாதியைத் தாண்டிய அளவையே முழுதாகக் காட்டும். அலுமினியச் சிலிண்டரில் காந்தம் ஒட்டாது, அதற்கு வேறு பிடிப்பு தேவை. அடித்தட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே சென்சார் நசுங்காத இடைவெளி வேண்டும். வண்டி ஓடும்போது திரவம் அலைமோதுவதால் அப்போது வரும் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். நிறுத்திச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். டிரெய்லர் சாய்ந்து நின்றால், சென்சார் சரியாக நடுவில் இருக்கும்வரை பிழை சிறிதுதான். ஓரமாக நகர்ந்திருந்தால் கூடும்.

முதல் முறை மாட்டும்போது தராசில் நிறுத்து அதன் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கடைக்கூண்டில் மாற்றிய 15 பவுண்டு சிலிண்டருக்கு 75 சதவீதம் என்று காட்டினால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

சாயங்காலம் 62 சதவீதம் காட்டுச்சு, விடிகாலையில 58. ஃபர்னஸ் போடவே இல்ல. கசியுதா?

பெரும்பாலும் இல்லை. பகலில் 80 டிகிரி, விடியற்காலையில் 40 டிகிரி என்றால், இரண்டாம் பதிலில் சொன்ன விரிவு இப்போது சுருக்கமாக வேலை செய்கிறது. 40 டிகிரி இறக்கத்துக்குத் திரவம் சுமார் 6 சதவீதம் சுருங்கும். 62-இல் 6 சதவீதம் ஏறத்தாழ 4 புள்ளி. எடை மாறவில்லை, உயரம்தான் இறங்கியிருக்கிறது. வெயில் ஏறியதும் எண்ணும் ஏறிவிடும். குளிர்பதனப்பெட்டி வாயுவில் ஓடியிருந்தால் அதன் பங்காக இரண்டு புள்ளி போயிருக்கவும் கூடும்.

நண்பகலுக்குப் பிறகும் எண் ஏறாவிட்டால், அல்லது மறுநாளும் காரணமின்றி இறங்கினால், சோப்பு நுரைத் தண்ணீரை இணைப்புகளின் மேல் தடவிப் பாருங்கள். எல்லாக் கருவிகளையும் அணைத்து, சிலிண்டர் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். குமிழி வளர்ந்தால் அந்த இடத்தில் கசிவு இருக்கிறது. தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கும் வேலை எந்தக் காலத்திலும் வேண்டாம்.

அசைச்சா உள்ள ஏதோ கடகடன்னு இடிக்குது. உடைஞ்சு போச்சா?

உடையவில்லை. இரண்டாம் பதிலில் சொன்ன மிதவை அது. சிலிண்டர் ஏறத்தாழக் காலியாக இருக்கும்போது அது சுதந்திரமாக ஆடிச் சுவரில் இடிக்கும்.

தீரப்போற சமயத்துல நாத்தம் கூடுற மாதிரி இருக்கு. அதை வெச்சே கண்டுபிடிச்சுக்கலாமா?

நீங்கள் உணர்ந்தது உண்மை. புரோப்பேனுக்கு இயல்பில் மணம் இல்லை; கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். அதன் கொதிநிலை 35 டிகிரி செல்சியஸ் என்பதால் புரோப்பேனைவிட மெதுவாகவே ஆவியாகிறது. எனவே மேலிருந்து ஆவி போகப் போகக் கடைசித் திரவத்தில் அதன் செறிவு கூடிவிடுகிறது.

ஆனாலும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது. டிரெய்லருக்குள் நாற்றம் வந்தால் முதலில் அதைக் கசிவு என்றே எண்ண வேண்டும். தீயை அணைத்து, சுவிட்சுகளைத் தொடாமல், கதவைத் திறந்து எல்லோரும் வெளியேறி, சிலிண்டர் வால்வுகளை மூடுங்கள். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; தரையோடு தேங்கும். உணரி அலாரத்தைத் தரைக்கு அருகில் பொருத்தியிருப்பது அதனால்தான், ஆகவே அதன் முன்னால் செருப்பையோ பையையோ அடுக்கி மறைக்காதீர்கள்.

நிரப்புற இடத்துல முழுசா போட்டாங்களான்னு எப்படித் தெரியும்?

போவதற்கு முன்பும் வந்த பிறகும் எடை பாருங்கள். கேலன் கணக்கில் விற்கும் இடமென்றால், காலி 20 பவுண்டு சிலிண்டருக்கு 4.7 கேலனை ஒட்டித்தான் ரசீது வர வேண்டும். நிரப்புபவர் வால்வின் பக்கத்தில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். திரவம் 80 சதவீத மட்டத்தைத் தொட்டதும் அதிலிருந்து வெண்புகை போலத் துளிகள் சீறும், உடனே அவர் நிறுத்துவார். அந்தத் திருகை நீங்கள் திறந்து அளவு பார்க்க வேண்டாம். கையில் பட்டால் தோலை உறைய வைத்துவிடும்.

மேல்வளையத்தில் பொறித்துள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்த்து வையுங்கள். அமெரிக்காவில் 12 ஆண்டும் கனடாவில் 10 ஆண்டும் கடந்த சிலிண்டரை மறுசோதனை முத்திரை இல்லாமல் நிரப்ப மாட்டார்கள்.

ஊர்ல கேஸ் தீரும்போது சிலிண்டரைப் படுக்க வெச்சு, இல்லேன்னா சுடுதண்ணில நிறுத்தி இன்னும் ஒரு நாள் ஓட்டுவோம். இங்க அப்படிச் செய்யலாமா?

செய்யக் கூடாது, ஊரிலும் செய்யக் கூடாது. படுக்க வைத்தால் ஆவி வர வேண்டிய வழியில் திரவம் வரும். ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 270 பங்கு வாயுவாக விரியும். அது ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்பை அடைந்தால் தீப்பிழம்பு எழும்பும். பாதுகாப்பு வால்வும் ஆவிப் பகுதியில் இருக்க வேண்டியது, அதுவும் திரவத்தில் மூழ்கிவிடும். சிலிண்டரை நிமிர்த்தியே பயன்படுத்த வேண்டும், நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும்.

அளவு பார்க்க ஒரு செம்பு வெந்நீர் ஊற்றுவது வேறு, சிலிண்டரைச் சூடேற்றிக்கொண்டே எரிப்பது வேறு. கடைசி அரைப் பவுண்டுக்காக எந்தச் சூட்டையும் அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

சென்சார் 40 சதவீதம்னு சொல்லுது, தராசும் அதையேதான் சொல்லுது. ஆனா அடுப்பு சிமிட்டிக்கிட்டே எரியுது, ஃபர்னஸ் பத்தவே மாட்டேங்குது. எதை நம்புறது?

தராசை நம்புங்கள். வாயு இருக்கிறது, வழியில்தான் தடை. பெரும்பாலான சமயங்களில் காரணம், வால்வை வேகமாகத் திறந்ததுதான். குழாய் அறுந்தால் வாயு பீறிடாமல் தடுப்பதற்காக இணைப்பில் ஒரு பாதுகாப்பு அடைப்பு இருக்கிறது. வால்வைச் சட்டென்று திறந்தால், காலிக் குழாய்க்குள் பாயும் வேகத்தைக் கண்டு அது குழாய் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடைத்துவிடும், நூல்போலக் கொஞ்சம் மட்டும் விடும். எல்லாக் கருவிகளையும் அணைத்து, வால்வை மூடி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, மிக மெதுவாகத் திறந்தால் அது விடுபடும்.

கடுங்குளிரில் இன்னொரு காரணமும் சேரும். எரிக்க எரிக்கத் திரவம் தன் சூட்டையே செலவழித்து ஆவியாவதால் மேலும் குளிர்கிறது. மட்டம் குறைவாக இருந்தால் ஃபர்னஸ் கேட்கும் வேகத்துக்கு ஆவி கிடைக்காது. சிலிண்டரின் வெளிப்புறம் பனிபடிந்து வெளுத்திருப்பதைக் கண்டால் இதுதான் என்று புரிந்துகொண்டு, நிரம்பிய சிலிண்டருக்கு மாறிவிடுங்கள். இதை இன்னொரு நாள் வெயிலில் பயன்படுத்தலாம்.

மாற்றிய பிறகு நேராக ஃபர்னஸைப் போடாதீர்கள். குழாயில் புகுந்த காற்று வெளியேறும்வரை அது மூன்று முறை பற்றவைத்துப் பார்த்துவிட்டுத் தானாகப் பூட்டிக்கொள்ளும், குளிர்பதனப்பெட்டியும் அப்படித்தான். முதலில் அடுப்பில் ஒரு பர்னரைப் பற்றவையுங்கள். சிமிட்டல் நின்று, நீலச் சுடர் அசையாமல் ஒரு நிமிடம் நின்று எரிந்த பிறகு மற்றவற்றைப் போடலாம்.